உப்புக்காற்றில் துருப்பிடித்த பெட்ரோல் பைப்: பழைய மாருதி 800இல் வீட்டிலேயே மாற்றலாமா?

ஒற்றியூர் 800 – திருவொற்றியூர்

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 2003ஆம் ஆண்டு மாருதி 800, எம்.பி.எஃப்.ஐ. எஞ்சின் (இன்ஜெக்டர் என்ற சிறு முனைகள் வழியே பெட்ரோலைத் தெளிக்கும் வகை). அப்பா வாங்கிய வண்டி. எண்ணூர் விரைவுச்சாலைக்கு இரண்டு தெரு உள்ளே, கூரையில்லாத வாசலில் நிற்கிறது. சில நாட்களாகக் காலையில் கதவைத் திறந்தால் பெட்ரோல் வாடை அடித்ததால், பின்பக்கத்தை ஜாக்கில் ஏற்றி அடியில் படுத்துப் பார்த்தேன். பின்சக்கரத்துக்குச் சற்று முன்னால், மூன்று பெட்ரோல் பைப்புகளையும் சேர்த்துப் பிடித்திருக்கும் கிளிப்பின் ஓரத்தில் ஈரம் தெரிந்தது. நகத்தால் மெல்லச் சுரண்டியதும் துரு செதில் செதிலாக உதிர்ந்து, அதன் அடியில் ஊசி முனை அளவுக்கு ஒரு துளி திரண்டு நின்றது. உடனே கையை எடுத்துவிட்டேன்.

அருகிலுள்ள ஒரு பட்டறையில் காட்டியபோது, கெட்ட இடத்தை மட்டும் அறுத்தெடுத்துவிட்டு ஒரு முழம் ரப்பர் டியூபை மாட்டி இரண்டு கிளாம்ப் போட்டால் போதும், அரை மணி நேர வேலை என்றார்கள். இன்னோர் இடத்தில், இத்தனை வயதான வண்டிக்குச் செலவு எதற்கு, காயலான் கடைக்குப் போட்டுவிடுங்கள் என்றார்கள். பதிவைப் புதுப்பித்து இன்னும் காலம் மீதமிருக்கிறது. எஞ்சினும் நன்றாக இருக்கிறது. எனவே அந்த யோசனையை ஏற்கும் எண்ணமில்லை.

நான் அறிய விரும்புவது இவைதான். ஓட்டை விழுந்த இடத்தை மட்டும் மாற்றினால் போதுமா, முழுப் பைப்பையும் மாற்ற வேண்டுமா? கம்பெனிப் பைப் கிடைக்கவில்லையென்றால் எந்தக் குழாயைப் போடலாம்? பிரேக் ஷூ, கிளட்ச் கேபிள், ரேடியேட்டர் ஹோஸ் போன்றவற்றை நானே மாற்றிப் பழகியிருக்கிறேன். டிராலி ஜாக்கும் ஸ்டாண்டுகளும் இருக்கின்றன. இந்த வேலையை வீட்டில் வைத்துச் செய்யலாமா?

ராயபுரம் பழையவண்டி

முதலில் வண்டியை ஓட்டுவதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். கடைக்குப் போய்வரும் தூரம்தானே என்று எண்ண வேண்டாம். ஏன் என்பதை விளக்கினால், அந்தப் பட்டறைக்காரர் சொன்ன யோசனை எங்கிருந்து வருகிறது என்பதும் புரியும்.

கார்புரேட்டர் (இன்ஜெக்டருக்கு முன்பு பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்பிய கருவி) காலத்து 800இல் பெட்ரோல் பம்ப் எஞ்சினோடு ஒட்டியே இருக்கும். அது டேங்கிலிருந்து பெட்ரோலை உறிஞ்சி இழுக்கும். ஆகவே வண்டிக்கு அடியில் ஓடும் நீளமான பைப்பில் அழுத்தம் என்று சொல்லத்தக்க எதுவும் கிடையாது. அதில் ஊசித்துளை விழுந்தால் பெட்ரோல் வெளியே பீறிடுவதைவிடக் காற்று உள்ளே போவதே அதிகம். வண்டி மேடேறும்போது திணறும், அவ்வளவுதான். பம்பைத் தாண்டிய பிறகும் அழுத்தம் அரை பாரைக்கூடத் தொடாது (பார் என்பது அழுத்தத்தின் அளவு). அந்த வண்டிகளில் ஒரு துண்டு டியூபும் இரண்டு கிளாம்பும் ஆண்டுக்கணக்கில் தாங்கியிருக்கின்றன. அந்தக் கைப்பழக்கத்தில்தான் இன்றைக்கும் பலர் அதே வைத்தியத்தைச் சொல்கிறார்கள்.

உங்கள் வண்டி அப்படியல்ல. எம்.பி.எஃப்.ஐ. வண்டியில் பம்ப் டேங்குக்குள்ளேயே மூழ்கியிருந்து பெட்ரோலைத் தள்ளுகிறது. டேங்கின் வாயிலிருந்து எஞ்சின் வரைக்கும் உள்ள முழு நீளமும் ஏறத்தாழ 2.5 முதல் 3 பார் அழுத்தத்தில் நிற்கிறது. இந்த அழுத்தத்தில் ஊசித்துளை என்பது சொட்டுகிற இடமல்ல, பெட்ரோலைப் புகையைப்போல் தெளிக்கிற இடம். அதே அடிப்பாகத்தில்தான் சூடான சைலன்ஸர் பைப்பும் போகிறது.

இனி, துண்டா முழுசா என்ற கேள்வி. பைப் எந்த இடத்தில் ஓட்டையானது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: கிளிப்பின் ஓரத்தில். அது தற்செயலல்ல. வெளியே தெரியும் பைப்பில் படும் உப்பு நீர் காற்றில் உலர்ந்துவிடும். கிளிப்புக்குள் புகுந்த உப்புச் சேறோ உலராமல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அந்த இடுக்கில் ஆக்சிஜன் குறைவாகவும் வெளியே மிகுதியாகவும் இருப்பதால், அரிப்பு இடுக்குக்குள்ளேதான் ஆழமாக இறங்கும். உங்கள் வண்டியில் ஒரு கிளிப் இப்படியென்றால் மற்ற எல்லாக் கிளிப்புகளுக்கும் அதே வயது, அதே சேறு. இன்று ஒன்றை ஒட்டுப்போட்டால் அடுத்த மழைக்கு அடுத்தது. ஆகையால் டேங்கிலிருந்து எஞ்சின் அறை வரை ஒரே பைப்பாக, நடுவில் இணைப்பு இல்லாமல் மாற்றுவதுதான் வேலை. மிஞ்சிய பெட்ரோலை டேங்குக்குத் திருப்பும் ரிட்டர்ன் பைப்பையும், டேங்கின் ஆவியைக் கொண்டுபோகும் ஆவிப் பைப்பையும் அதே சமயத்தில் மாற்றிவிடுங்கள்; அவற்றில் அழுத்தம் குறைவுதான் என்றாலும், டேங்கை மறுபடி இறக்கும் பாடு மிச்சமாகும்.

இடையே ஒரு சொல். நம் பகுதியில் பலர் மழைக்காலம் முடிந்ததும் வண்டியின் அடிப்பாகத்தைப் பொறுப்பாகக் கழுவுகிறார்கள், ஆனால் போர் தண்ணீரால். மீஞ்சூர்ப் பக்கம் கடல்நீர் நிலத்தடியில் புகுந்த கதை ஊரறிந்தது. கடலோரத் தெருக்கள் பலவற்றிலும் போர் தண்ணீர் வாயில் வைத்தாலே கரிக்கிறது. அதைப் பீய்ச்சி அடித்தால் உப்பைக் கழுவுவதாகாது, எட்டாத இடுக்கிலும் உப்பை ஏற்றுவதாகும். மெட்ரோ வாட்டர் இரண்டு குடம் போதும், அதைக் கொண்டு கழுவுங்கள்.

பைப்பின் இரு முனைகளிலும் ரப்பர் ஹோஸ் கட்டாயம் வரும். எஞ்சின் ஆடுகிறது, பாடி ஆடுவதில்லை, இடையில் வளைந்து கொடுக்க ஏதாவது வேண்டும். அந்த ஹோஸில்தான் கடைகளில் ஏமாந்துபோவது நடக்கிறது. மேலே எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்7 (பெட்ரோல் ஹோஸ்களுக்கான தரக்குறி) என்று அச்சிட்டிருந்தால் அது கார்புரேட்டர் வண்டிக்கானது, 50 பி.எஸ்.ஐ. வரைக்கும்தான் (பி.எஸ்.ஐ. அழுத்தத்தின் இன்னோர் அளவு; ஒரு பார் ஏறத்தாழ 14.5 பி.எஸ்.ஐ.). உங்களுக்கு வேண்டியது ஆர்9, 100 பி.எஸ்.ஐ. தாங்கும், உட்புறப் பூச்சு எத்தனால் கலந்த பெட்ரோலுக்கும் ஈடுகொடுக்கும். 2023 முதல் பெட்ரோல் பங்குகளில் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் வரத் தொடங்கி, இப்போது எங்கும் அதுதான் என்ற நிலையில், 2003ஆம் ஆண்டு ரப்பரை அப்படியே விட்டுவைப்பது சரியல்ல. டேங்குக்குள் பம்போடு சேர்ந்திருக்கும் சிறு துண்டு ஹோஸ் வேறு வகை. பெட்ரோலில் மூழ்கிக் கிடப்பதற்கென்று செய்த ஆர்10ஐ மட்டுமே அங்கே போட வேண்டும். எதுவும் அச்சிடாத கறுப்பு டியூபையோ, சமையல் கேஸ் டியூபையோ, பைக்கில் மாட்டும் கண்ணாடி டியூபையோ யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

பெரம்பூர் ஸென்

மேலே உள்ள விளக்கம் நன்று. ஆனால் ஓர் ஐயம். ஆர்9 ஹோஸ் அவ்வளவு உறுதியானதென்றால், இரும்புப் பைப்பே வேண்டாமென்று டேங்கிலிருந்து எஞ்சின் வரை முழுக்க ஹோஸையே ஓட்டிவிடலாமே? துருவும் பிடிக்காது, வளைக்கும் வேலையும் இல்லை. எனக்குத் தெரிந்த ஒருவர் அப்படித்தான் செய்திருக்கிறார், வண்டி ஓடுகிறது.

ராயபுரம் பழையவண்டி

ஓடும், மறுக்கவில்லை. ஆனால் ரப்பர் எவ்வளவு நல்லதாயினும் அதன் வழியே பெட்ரோல் ஆவி சிறிது சிறிதாக ஊறிக்கொண்டேயிருக்கும். நீளம் கூடக்கூட வாடையும் கூடும். சக்கரம் தெறிக்கும் ஜல்லியை இரும்பு தாங்குவதுபோல் ரப்பர் தாங்காது. எல்லாவற்றுக்கும் மேலாக, நம் தெருக்களில் இரவில் வண்டிக்கடியில் குடியிருப்பது யார் என்பதை மறந்துவிட்டீர்கள். பெருச்சாளி ஒயரைக் கடித்தால் வண்டி கிளம்பாமல் நிற்கும். 3 பார் ஹோஸைப் பாதி கடித்து வைத்தால் என்ன ஆகும் என்று எழுதத் தேவையில்லை. ஹோஸ் முனைகளுக்கு மட்டும், அதுவும் தேவையான நீளத்துக்கு மட்டும்.

ஒற்றியூர் 800 – திருவொற்றியூர்

மிக்க நன்றி ஐயா. வண்டியை நிறுத்திவிட்டேன். பம்ப் எங்கிருக்கிறது என்பதைக் கொண்டே இவ்வளவு வேறுபாடு வரும் என்று நான் எண்ணியதில்லை. பைப் வாங்க விசாரித்ததில், ஃபிரிட்ஜ் வேலைக்குப் பயன்படும் செப்புக் குழாய்ச் சுருள் எளிதாகக் கிடைக்கிறது. கையாலேயே வளைகிறது, துருவும் பிடிக்காது. அதைப் போடலாமா?

கொருக்குப்பேட்டை பைப் பட்டறை

நான் குழாய் வளைக்கும் வேலையிலேயே இருப்பவன் என்பதால் இந்தக் கேள்விக்கு விடை சொல்கிறேன். பழைய கார்புரேட்டர் வண்டிகளில் செப்புக் குழாயைப் போட்டு ஓட்டியவர்கள் உண்டு. உங்கள் வண்டிக்கு வேண்டாம் என்பதற்கு இரண்டு காரணங்கள். செப்பு அதிர அதிர இறுகும். வாங்கும்போது கையால் வளைந்த அதே குழாய், எஞ்சின் அதிர்வை வாங்கி வாங்கிக் கடினமாகி, இணைப்புக்கு அருகில் மயிரிழை போல் விரிசல் விடும். இரண்டாவது, செப்பின் மேல் நிற்கும் பெட்ரோல் விரைவில் கெட்டுப் பிசினாகும். நாள்கணக்கில் நிறுத்திவைக்கிற வண்டியில் அந்தப் பிசின் இன்ஜெக்டரில் போய்ச் சேரும்.

செப்போடு 10 விழுக்காடு நிக்கல் சேர்ந்த குழாய் என்றால் பேச்சே வேறு. அது உப்புக்கு அசையாது, வளைக்கவும் இலகு. கிடைத்தால் விலை பார்க்காமல் வாங்குங்கள். கிடைக்கவில்லையென்றால் பண்டி டியூப் என்று கேளுங்கள். தகட்டை இரண்டு சுற்றாகச் சுருட்டிச் செப்பால் பற்றவைத்த இரும்புக் குழாய் அது. மேலே துத்தநாகப் பூச்சு உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். ஸ்டெயின்லெஸ் அழகாக இருக்கும். ஆனால் வீட்டுக் கருவிகளுக்கு மசியாது, முனை விரிக்கும்போது பிளந்துவிடும்.

வாங்கப் போகுமுன் வெர்னியரால் பழைய பைப்பைத் துரு இல்லாத இடத்தில் அளந்துகொள்ளுங்கள். 8 மி.மீ. குழாய்க்கும் 5/16 அங்குலத்துக்கும் உள்ள வேறுபாடு ஒரு நூல்கூட இல்லை, 7.94 மி.மீ.; ஒன்றுக்கு மற்றொன்று பொருந்திவிடும். ஆனால் கால் அங்குலம் என்பது 6.35 மி.மீ.; அதை 6 மி.மீ. என்று எண்ணி வாங்கினால் ஹோஸ் தளர்ந்து நிற்கும் அல்லது ஏறவே ஏறாது. கடையில் இரண்டையும் ஒரே பெயரில் கொடுப்பார்கள். 800இன் முன், பின் சக்கரங்களுக்கு இடைப்பட்ட தூரமே 2,175 மி.மீ. என்பதால், வளைவுகளுக்கும் சேர்த்துத் தாராளமாகவே நீளம் வாங்குங்கள். நடுவில் ஒட்டுப்போடும் நிலை வந்துவிடக் கூடாது.

பழைய பைப்பை வெட்டித் துண்டு துண்டாக எடுக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். எடுப்பதற்கு முன்பே தடிமனான கட்டுக்கம்பியை அதன் போக்கிலேயே வளைத்து அச்சு எடுத்துவைத்துக்கொண்டால், புதிய குழாயைத் தரையில் வைத்தே வளைத்து முடித்துவிடலாம். வளைவின் ஆரம் குழாயின் விட்டத்தைப்போல் மூன்று மடங்குக்குக் குறையக் கூடாது. குறைந்தால் உட்பக்கம் மடிந்து போக்கு அடைபடும். வெட்டுவதற்கு உருளைக் கட்டர் மட்டுமே. ஹாக்ஸா பிளேடு போட்டால் இரும்புத்தூள் உள்ளே போகும். பொறி பறக்கும் ஆங்கிள் கிரைண்டரை இந்த வேலைக்குப் பக்கத்திலேயே கொண்டுவரக் கூடாது. வெட்டிய வாயின் உட்புறப் பிசிறைச் சீவிவிட்டு, காற்றடித்துச் சுத்தம் செய்தபின்தான் பொருத்த வேண்டும்.

அடுத்ததுதான் பலர் விட்டுவிடுவது. ஹோஸ் ஏறும் முனையில் குழாயைச் சுற்றி ஒரு சிறு மேடு எழுப்ப வேண்டும். கம்பெனிப் பைப்பின் முனையைத் தடவிப் பாருங்கள், விரலுக்குத் தட்டுப்படும். அந்த மேடில்லாத வழுவழுப்பான முனையில் கிளாம்பை எவ்வளவு இறுக்கினாலும், அழுத்தத்தில் ஒரு நாள் ஹோஸ் கழன்று வந்துவிடும். குழாய் முனையை விரிக்கும் ஃபிளேரிங் கருவியால் அரைகுறையாக விரித்து நிறுத்தினாலே அந்த மேடு கிடைக்கும். கருவி இல்லையென்றால் வளைத்து முடித்த குழாயை எடுத்துக்கொண்டு ஏதேனும் பிரேக் பைப் பட்டறைக்குப் போங்கள். சிறிது நேர வேலைதான். ஹோஸ் மேட்டைத் தாண்டி ஓர் அங்குலமாவது உள்ளே ஏற வேண்டும், கிளாம்ப் மேட்டுக்குப் பின்னால் உட்கார வேண்டும், மேட்டின் மேல் அல்ல. பல் வெட்டு உள்ள சாதாரணக் கிளாம்ப் ரப்பரை அறுக்கும். விளிம்பு மடிந்த, ஹோஸை முழு வட்டமாகப் பிடிக்கும் இன்ஜெக்‌ஷன் கிளாம்பைக் கேட்டு வாங்குங்கள். ஃபில்டரின் வாயில் துளைப் போல்ட்டும் செப்பு வாஷரும் இருந்தால் வாஷர் புதிதாக மாற்ற வேண்டும். நசுங்கிய பழையது மறுபடி அடைக்காது.

மணலி ஷிப்ட்

பைப்பைப் பற்றி எல்லாம் சொல்லிவிட்டார்கள். எண்ணெய் ஆலையில் தீத்தடுப்புப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில், வீட்டில் செய்யலாமா என்ற கேள்விக்கு மட்டும் விடை எழுதுகிறேன். இடம் சரியாக இருந்தால் செய்யலாம். இடம் சரியில்லையென்றால் கருவி எவ்வளவு இருந்தாலும் செய்யக் கூடாது.

பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று, நான்கு மடங்கு கனமானது. அது மேலே போய்க் கலைவதில்லை. தரையோடு தவழ்ந்து, பள்ளம் கண்ட இடத்தில் தேங்கும். காற்றில் 1.4 விழுக்காடு கலந்தாலே பற்றுவதற்குப் போதும். அதனால் அடுக்குமாடியின் கீழ்த்தள நிறுத்துமிடம் இந்த வேலைக்கு மிகவும் ஆகாதது. தண்ணீர்த் தொட்டி நிறைந்ததா என்று பார்த்துத் தானாகவே ஓடும் மோட்டாரின் ஸ்டார்ட்டர் அங்கேதான் இருக்கும், அது எப்போது பொறி விடும் என்று உங்களைக் கேட்டுக்கொண்டு விடாது. திறந்த வாசல் நல்லது. ஆனால் தெருவில் இஸ்திரி வண்டி நிற்கிறதா, பக்கத்து வீட்டு வாசலில் மாலை விளக்கு வைப்பார்களா, திண்ணையில் பீடி பிடிப்பவர் யார் என்பதையெல்லாம் முன்னதாகவே பார்த்து, நேரில் சொல்லி வைத்துவிட்டுக் காலையில் தொடங்குங்கள்.

டேங்கில் பெட்ரோல் குறைவாக இருக்கும்போது செய்வதே நலம். பம்பின் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு எஞ்சினை ஓட்டி, அது தானாக நின்றபின் ஒருமுறை ஸ்டார்ட்டரைச் சுற்றினால் பைப்பில் உள்ள அழுத்தம் இறங்கும் என்பது வழக்கமான முறை. உங்கள் பைப்பில் இப்போதே கசிவு இருப்பதால், எஞ்சினை ஓட்டாமல், வண்டி ஆறி, ஓர் இரவு நின்ற பிறகு ஃபியூஸை எடுத்துவிட்டு, இணைப்பைத் தடிமனான துணியால் மூடிப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் தளர்த்துவதையே நான் சொல்வேன். அதற்கும் முன்பாக பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி விலக்கி வைத்துவிடுங்கள், டேங்க் மூடியையும் ஒருமுறை திறந்து மூடுங்கள்.

டேங்கிலிருந்து எடுக்கும் பெட்ரோலைக் குடிநீர் கேனில் பிடிக்காதீர்கள். பிளாஸ்டிக்கில் ஓடும் பெட்ரோல் நிலைமின்னேற்றத்தைச் சேர்க்கும். இறுக மூடும் உலோகக் கேன் வேண்டும், தரையில் வைத்து நிரப்ப வேண்டும். 1934ஆம் ஆண்டுப் பெட்ரோலியச் சட்டம் உரிமமின்றி வைத்துக்கொள்ள அனுமதிப்பது மொத்தம் 30 லிட்டர்தான், அதுவும் 25 லிட்டருக்கு மேற்படாத உலோகக் கலத்தில். வாயால் உறிஞ்சி எடுக்கும் வழக்கத்தை அடியோடு விடுங்கள். நுரையீரலுக்குள் போன ஒரு மிடறு பெட்ரோல் ஆளை மருத்துவமனையில் கிடத்திவிடும்.

வெளிச்சத்துக்கு பேட்டரியில் ஓடும் எல்.இ.டி. விளக்கு. சூடான குண்டு பல்பின் மேல் ஒரு சொட்டு விழுந்தால் அது வெடிக்கும். பிறகு நடப்பது உங்கள் கையில் இல்லை. உலர் பவுடர் தீயணைப்பானைக் கைக்கெட்டும் தூரத்தில் வையுங்கள், வண்டிக்கடியில் அல்ல. தண்ணீர் உதவாது, எரியும் பெட்ரோல் அதன் மேல் மிதந்து பரவும். ஸ்டாண்டுக்குப் பதில் ஹாலோ பிளாக் வைக்கிற பழக்கம் நம்மிடம் உண்டு. அது முன்னறிவிப்பில்லாமல் நொறுங்கும். கண்ணாடி அணியாமல் அடியில் படுக்க வேண்டாம், துரு நேரே கண்ணில்தான் விழும். கடைசியாக, தனியாகச் செய்யாதீர்கள். அடியில் படுப்பவர் ஒருவர் என்றால், வேறெதுவும் செய்யாமல் பார்த்துக்கொண்டு நிற்பவர் ஒருவர் இருக்க வேண்டும்.

ஒற்றியூர் 800 – திருவொற்றியூர்

மூவருக்கும் நன்றி. வீட்டுக்குப் பின்னால் உறவினரின் காலி மனை இருக்கிறது. வண்டியைத் தள்ளிக்கொண்டே அங்கே போய்விடலாம், தம்பியும் கூட இருப்பான். பைப்பை நானே வளைத்து, முனை மேட்டை மட்டும் பட்டறையில் போட்டுக்கொள்கிறேன். ஒரே ஒரு கேள்வி மிச்சம். அதே கிளிப்பில் பிரேக் பைப்பும் போகிறது. அதுவும் செம்பழுப்பாக இருக்கிறது. அதையும் கையோடு மாற்றிவிடலாமா?

ராயபுரம் பழையவண்டி

மாற்றத்தான் வேண்டும், ஆனால் அந்த வேலையை பிரேக் பட்டறையில் விடுங்கள். பெட்ரோல் பைப்பில் 3 பார் என்றால், பிரேக்கை அழுத்தி மிதிக்கும்போது அங்கே நூறு பாருக்கு அருகில் போகும். முனையை இரட்டையாக மடித்து விரிக்க வேண்டும், ஹோஸும் கிளாம்பும் அங்கே பேச்சுக்கே இடமில்லை, பிறகு நான்கு சக்கரத்தின் பிரேக்கிலும் உள்ளே புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும். கிளிப்பைக் கழற்றும்போது அந்தப் பைப்பை நெம்பிவிடாமல் பார்த்துக்கொண்டு, உங்கள் வேலை முடிந்ததும் வண்டியை ஏற்றி அனுப்புங்கள், ஓட்டிக்கொண்டு போகாதீர்கள்.

புதிய பைப்பைப் பொருத்தும்போது பழைய கிளிப்பையே போட்டால் பட்ட பாடெல்லாம் வீண். கிளிப் இருந்த இடத்தில் பாடியைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, ரெட் ஆக்ஸைடு அடித்து, காய்ந்தபின் ரப்பர் பதித்த புதிய கிளிப்பை மாட்டி, உள்ளே கிரீஸ் தடவிவிடுங்கள். உப்புச் சேறு தங்க இடமிருக்காது. கம்பி பிரஷ் பொறி விடும் என்பதால், இந்தத் தேய்ப்பு வேலையைத் திறந்த பைப்போ கேனோ பக்கத்தில் இல்லாத நேரத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் பூட்டியபின் உடனே எஞ்சினை ஸ்டார்ட் செய்யாதீர்கள். சாவியை இக்னிஷன் நிலைக்குத் திருப்பினால் பம்ப் ஓரிரு நொடி ஓடி நிற்கும். அதை நான்கைந்து தடவை செய்து பைப்பில் அழுத்தம் ஏற்றிவிட்டு, ஒவ்வோர் இணைப்புக்கும் கீழே உலர்ந்த அட்டையை வைத்து, விளக்கடித்துப் பாருங்கள். ஈரமில்லையென்றால் ஸ்டார்ட் செய்து, எஞ்சின் சூடானபின் ஒருமுறை, மறுநாள் காலை ஆறியிருக்கும்போது ஒருமுறை பாருங்கள். ரப்பர் புதிதில் சற்று அமுங்கும் என்பதால் கிளாம்புகள் சில நாள் ஓட்டத்துக்குப் பின் கால் சுற்று இறுக்கம் கேட்கும். ஃபில்டரையும் புதிதாகப் போட்டுவிடுங்கள். டேங்கை இறக்கி ஏற்றியதில் அடியில் கிடந்த கசடெல்லாம் கலங்கியிருக்கும், அது முதலில் வந்து சேரும் இடம் அதுதான்.

கொருக்குப்பேட்டை பைப் பட்டறை

கம்பி அச்சையும் குழாயையும் ஹோஸையும் ஒன்றாகவே எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போங்கள். மேடு போடுவதற்கு முன்பே அவர்கள் ஹோஸைக் குழாயில் கோத்துப் பார்ப்பார்கள். ஹோஸ் கையில் இல்லையென்றால் மறுபடி அலைய வேண்டியிருக்கும்.